ஜெர்மனிக்குப் புதிதா? செயலி இறக்கும் முன் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

டோர்ட்முண்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டே புலம்பிக்கொண்டிருந்தேன். வங்கிச் செயலியை இறக்கியாயிற்று, பாஸ்போர்ட்டை கேமராவில் காட்டியாயிற்று, ஆனாலும் கணக்கு திறக்க மாட்டேன் என்கிறது. கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கடிதப் பெட்டியில பேர் ஒட்டினீங்களோ?"

ஒட்டவில்லை. இங்கே முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான் இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்குக் கதவு எண் என்று ஒன்று கிடையாது. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். கணக்கை இயக்குவதற்கான குறியீட்டோடு வங்கி அனுப்பிய கடிதம் வந்து, அந்தக் கட்டடத்தில் இப்படி ஒருவரும் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

ஊரில் ஒரு செயலியைச் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எண்ணைக் கொடு, ஓடிபி வரும், முடிந்தது. ஜெர்மனியில் அப்படியில்லை. உருப்படியான ஒவ்வொரு இணையச் சேவைக்கும் பின்னால் ஒரு காகிதக் கடிதம் இருக்கிறது. வங்கிக்கு ஒன்று, மருத்துவக் காப்பீட்டின் செயலிக்கு ஒன்று, வரித்துறைக்கு ஒன்று, தங்குமிட அனுமதி அட்டையின் ரகசிய எண்ணுக்கு ஒன்று. அதனால் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் கருவி பசை தடவிய ஒரு துண்டுக் காகிதம்தான். கையால் எழுதி ஒட்டினாலும் போதும். மற்றவர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் ஒன்று தேவை. பதிவு முடிந்து சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வந்து சேரும். குடியிருப்புப் பதிவுக்கான நேரத்தை நகராட்சியின் தளத்தில் முன்பதிவு செய்வது பெரிய நகரங்களில் தனி வித்தை. ஒரு மாதத்துக்கு இடமே இல்லை என்று காட்டும், ஆனால் யாராவது ரத்து செய்த நேரம் அதிகாலையில் சட்டென்று தோன்றும். காபி போடும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நம் பெயர் என்னும் தொல்லை

செயலிகளில் தமிழர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம் கடவுச்சொல் அல்ல, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரோ அதன் முதலெழுத்தோதான் உண்டு. சிலரது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஜெர்மன் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நான் ஒரு தளத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் என் பெயரையே இரண்டு தடவையும், மூன்றாவதில் வெறும் புள்ளியையும் போட்டேன். ஆறு மாதம் கழித்து மூன்று ஆட்களாக வாழ்ந்துகொண்டிருந்தேன்.

2025 அக்டோபர் 9 முதல் இது வெறும் சங்கடம் மட்டுமல்ல. அன்றிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை வரும். சம்பளம் போடும் அலுவலகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றிருந்தால் அவர்கள் திரும்பக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து, கைபேசியில் குறிப்பாக எழுதிவையுங்கள். பெட்டி, வாடகை ஒப்பந்தம், வங்கி, காப்பீடு என எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

சோதித்துப் பார்ப்பது எப்படி

புதுச் செயலிகளைச் சோதிக்க எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. மளிகை, மொழி, செலவுக் கணக்கு, மீந்த உணவைக் குறைந்த விலைக்குத் தரும் டூ குட் டு கோ என்று எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டுத் தெரிந்துகொண்ட சில ஏற்பாடுகள் உண்டு.

முதலில் செயலிக் கடை. உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு இன்னும் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் இங்குள்ள சில உள்ளூர்ச் செயலிகள் தேடலில்கூட வராது. நாட்டை மாற்ற வேண்டும். கூகுளில் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், ஆகவே ஊர்ச் செயலிகளில் தேவையானதை எல்லாம் முதலில் இறக்கிவிட்டு மாற்றுங்கள். சோதனைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அரசுக்கும் கொடுத்த முகவரியை, தள்ளுபடிக் கூப்பன் கேட்கும் கடைக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி முக்கியமானது: அபோ. சந்தாவுக்கு இங்கே இதுதான் பெயர். ஏழு நாள் இலவசம் என்ற மொழிச் செயலி ஒன்றில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் ஓராண்டுப் பணம் வங்கியிலிருந்து போயிற்று. செயலியை நீக்குவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கைபேசிக் கடை வழியாகச் சேர்ந்திருந்தால் அந்தக் கடையின் சந்தாப் பட்டியலுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. இணையத்தில் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். ஆனால் 'இப்போதே தொடங்கச் சம்மதம்' என்ற பெட்டியில் டிக் செய்தால் மின்னணுச் சேவைகளில் இந்த உரிமை போய்விடக்கூடும், அந்த வரியைப் படிக்காமல் தாண்டாதீர்கள். 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கும் தளங்கள் ரத்து செய்வதற்கென்று ஒரு பொத்தானை வெளிப்படையாக வைக்க வேண்டும். பக்கத்தின் அடிப்பகுதியில் 'க்யூண்டிகன்' (kündigen, அதாவது ரத்து செய்வது) என்ற சொல்லைத் தேடுங்கள். ஜெர்மனில் நான் முதலில் மனப்பாடம் செய்த வினைச்சொல் அதுதான். 2022 மார்ச்சுக்குப் பிறகு செய்த பெரும்பாலான சந்தா ஒப்பந்தங்களை, முதல் கட்டக் காலம் முடிந்து தானாக நீண்டுவிட்டால், ஒரு மாத முன்னறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம்.

வங்கியிலிருந்து நேரடியாக எடுத்த பணத்தை எட்டு வாரத்துக்குள் திருப்பி இழுக்கும் வசதியும் உண்டு. வங்கிச் செயலியிலேயே அந்தப் பொத்தான் இருக்கும். பல பேர் இதை அழுத்திவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். தீராது. பணம்தான் திரும்பும், ஒப்பந்தம் அப்படியே நிற்கும். அப்புறம் கடன் வசூல் கடிதம் வரும், அதன் தடம் ஷூஃபாவில் விழுந்தால் வீடு தேடும்போது கண்ணில் நீர் வரும். ஷூஃபா என்பது கடன் நம்பகத்தன்மையைப் பதிவு செய்யும் நிறுவனம். வீட்டுக்காரர்கள் அதன் சான்றைக் கேட்பார்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள தரவின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். தளத்தில் கட்டணச் சான்றுதான் பளிச்சென்று நிற்கும், இலவசம் எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும்.

வீடு, பழைய பொருள்

வீடு தேட இம்மோஸ்கௌட்24, பகிர்ந்துகொள்ளும் அறைக்கு வேகே கெசுக்ட். இரண்டிலும் ஒரே கதை அடிக்கடி வரும்: அழகான வீடு, நம்ப முடியாத வாடகை, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார். அனுப்ப மாட்டார். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணம் சட்டப்படி, தண்ணீர், சூடேற்றல் போன்ற செலவுகள் சேராத வாடகையின் மூன்று மாத அளவைத் தாண்டக் கூடாது.

மேசை, கட்டில், சைக்கிளுக்கெல்லாம் க்ளைன்அன்சைகென். அதில் இலவசமாகக் கொடுப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. என் வீட்டு இட்லிப் பானையைத் தவிர பாதிச் சமையலறை அங்கிருந்து வந்ததுதான். விற்கும்போதுதான் கவனம் வேண்டும். வாங்குகிறேன் என்றவர் உடனே வாட்ஸ்அப்புக்கு அழைத்து, பணம் பெற இந்த இணைப்பில் அட்டை எண்ணைப் போடுங்கள் என்றால், உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் பெற யாருக்கும் அட்டையின் ரகசிய எண் தேவைப்படாது.

ரயில்

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலி கட்டாயம் வேண்டும். டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாம் இதில் அடக்கம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்கள் கிடையாது. இதுவும் ஓர் அபோதான். அடுத்த மாதம் வேண்டாம் என்றால் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். ஊருக்கு விடுமுறையில் போகும் முன் பல பேர் மறப்பது இதைத்தான்.

ரயில் தாமதமாகிப் போய்ச்சேர ஒரு மணி நேரம் தள்ளினால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். செயலிக்குள்ளேயே கேட்கலாம், படிவமெல்லாம் தேவையில்லை. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகச் சேர்வோம் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமான மலிவுச் சீட்டை வைத்துக்கொண்டு வேறு ரயிலிலும் ஏறலாம். இது தெரியாமல் குளிரில் நடைமேடையில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

உடம்பு

மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் டாக்டோலிப் செயலியில் மருத்துவரின் மொழியை வைத்துத் தேடலாம். நேரம் கிடைக்காவிட்டால் 116117 என்ற எண்ணையும் அதன் தளத்தையும் பாருங்கள். அவசரமில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத இரவு நேரத்துக்கும் அதே எண்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருந்துச் சீட்டு இப்போது காப்பீட்டு அட்டை வழியாகவே மருந்துக்கடைக்குப் போய்விடும். காகிதம் தரவில்லையே என்று மருத்துவரிடம் திரும்பி நிற்க வேண்டாம்.

கடிதத்தை வாசிக்கும் கருவி

கடிதங்கள் வரும் என்றேன் அல்லவா, எல்லாம் ஜெர்மனில்தான் வரும். கூகுள் மொழிபெயர்ப்பின் கேமராவைக் காட்டினால் தமிழிலேயே வாசித்துவிடலாம். ஆனால் அரசுக் கடித நடையில் தமிழ் சில நேரம் சிரிப்பு மூட்டும். ஆங்கிலம் தெரிந்தால் கொலோன் நகரத்துக்காரர்களின் டீப்எல்லில் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கருவியானாலும் இரண்டு விஷயத்தை மட்டும் மூலத்திலேயே பாருங்கள்: தேதியும் தொகையும். ஜெர்மனில் 1.200,50 என்றால் ஆயிரத்து இருநூறு யூரோ ஐம்பது சென்ட். புள்ளியும் காற்புள்ளியும் நமக்குத் தலைகீழ். உங்கள் வரி எண், கணக்கு எண் உள்ள பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு படமெடுப்பது என் பழக்கம்.

மொழி கற்கப் பணம் கட்டும் முன் பொதுக் கல்வி நிலையங்களின் ஃபாவ்ஹாஎஸ் லெர்ன்போர்ட்டாலைப் பாருங்கள். முழுக்க இலவசம், அபோ கிடையாது. அந்த ஓராண்டுப் பணத்தைக் கட்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

வரிக்கு எல்ஸ்டர். அரசின் இலவசத் தளம், பதிவு செய்தால் பாதி மின்னஞ்சலிலும் பாதி தபாலிலும் வரும். எல்ஸ்டர் என்ற ஜெர்மன் சொல், பளபளக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் என்று பெயர்வாங்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் பறவையையும் குறிக்கும். வரித்துறைக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்த புதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பறவை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அதே ஆண்டில் ஊரில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டும். கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டிய நிலை இல்லாதவர்களுக்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் உள்ள கட்டணச் செயலிகள் முதல் ஆண்டுக்குப் பரவாயில்லை, எனக்கும் அப்படித்தான் ஓடியது.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: ஊர் சிம் செத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்குள்ள வங்கியின் ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். வெளிநாட்டு எண்ணில் யுபிஐ வசதியை 2023 ஜனவரியில் 10 நாடுகளுக்கு அறிவித்தார்கள், அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை. சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான கணக்காக மாற்றும் வேலையும் இருக்கிறது. பணம் அனுப்பும் செயலிகளை ஒப்பிடும்போது 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, ஆயிரம் யூரோ போட்டால் அம்மா கையில் எத்தனை ரூபாய் சேரும் என்ற ஒரே எண்ணைப் பாருங்கள்.

கடைசியாக, நீனா என்ற இலவச எச்சரிக்கைச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம், புயல், பழைய போர்க்கால வெடிகுண்டு கண்டெடுத்து ஆட்களை வெளியேற்றுவது எல்லாம் அதில் வரும். டோர்ட்முண்ட் இருக்கும் ரூர் பகுதியில் அந்தக் குண்டு அரிதான செய்தி அல்ல. செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது வியாழன் காலை 11 மணிக்கு, செயலி இல்லாதவர்களின் கைபேசியும்கூட பயங்கரமாக அலறும். நாடு தழுவிய ஒத்திகை அது, 11.45-க்கு முடிந்துவிட்டது என்று சொல்வார்கள். இங்கே 11 மணி என்றால் ஊரில் மதியம் இரண்டரை. அந்த நேரத்தில் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை, மாலை வரை சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.