குறட்டைக்காரரின் நாக்கும் அவசர ரிப்போர்ட்டும்

தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களின் நாக்கை அல்ட்ராசவுண்டில் பார்க்கப் பழகும் இளம் டொக்டர்மாரிடம், எங்கள் காலத்துப் பிழைகளே திரும்ப வருகின்றன. நோயாளியின் பெயரை மாற்றி எழுதுவது, படத்தைச் சேமிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு வாட்டுச் சிஸ்டரே திட்டுவார்.

புரோபை அழுத்துவது

தாடைக்கு அடியில் நடுக்கோட்டில் புரோபை, அதாவது ஸ்கேன் மெஷினின் கைப்பிடிக் கருவியை, வைக்கிறோம். படம் தெளியவில்லை என்றதும் கை தானாக அழுத்தும், நாக்கு மேலே எழும்பும். அமைதியாக மூச்சிழுக்கும்போது ஆரோக்கியமானவரின் நாக்கின் பின்பகுதி முன்னால் நகர்வதே சுமார் 1 மில்லிமீற்றர்தான். உங்கள் கை அதைவிட அதிகம் நகரும். ஜெல்லைக் கூட்டிப் பிடியைத் தளர்த்துங்கள். நுவரெலியாக் குளிரில் ஜெல் போத்தலை வெந்நீரில் வைத்து எடுங்கள். இல்லையென்றால் தொட்டவுடன் எச்சில் விழுங்குவார்கள், அந்தப் பதிவு வீண்.

விழித்திருக்கும் நாக்கை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொட்டகலைப் பக்கத்து லொறி டிரைவர் ஒருவரை மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். "டொக்டர், இவரு ராத்திரியில மூச்ச நிறுத்திட்டு, திடீர்னு திணறி எழும்புறாரு." டிரைவர் பதில் சொல்லாமல் லைசன்ஸ் உறைக்குள் மடித்து வைத்திருந்த பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். 'நாக்கின் அசைவு நன்று, மூச்சடைப்பு இல்லை.' அதை நம்பித் தூக்கப் பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிட்டார். இடையில் ரம்பொடை வளைவில் கண் சொக்கி, லொறி கானுக்குள் இறங்கியிருக்கிறது.

தொண்டை குறுகலானவர் விழித்திருக்கும்போது, மூளை அவருடைய ஜீனியோகுளோசஸ் தசையிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை வாங்குகிறது. நாக்கை முன்னால் இழுத்து வழியைத் திறந்து வைப்பது அந்தத் தசைதான். கண் அயர்ந்ததும் மூளையின் அந்த உந்தல் குறையும், நாக்கு பின்னால் சரியும். மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். ஆகவே பகலில் நன்றாக அசையும் நாக்கு, நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கடுமையான நோயாளிகள் சிலரில் நாக்கு அசைவதே இல்லை, அல்லது ஒரு பகுதி முன்னும் இன்னொரு பகுதி பின்னும் போகும். அப்புறம், அடைப்பு அண்ணத்திலோ தொண்டையின் பக்கச் சுவரிலோ கூட இருக்கலாம்.

நோயை உறுதி செய்வது தூக்கப் பரிசோதனை. முழுதாகவோ பாதியாகவோ மூச்சு தடைப்படுவது மணிக்கு 5 தடவையிலிருந்து கணக்கு, 30 என்றால் கடுமை. ரிப்போர்ட்டில் 'விழிப்பு நிலையில், மல்லாந்து, மூக்கால் மூச்சு' என்று எழுதி, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'இல்லை' என்று எழுத உங்களை யார் கேட்டார்கள்? டிரைவர் இப்போது, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபெப் இயந்திரத்தோடுதான் தூங்குகிறார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார், அது வேறு கதை.

மூச்சைப் பதியாமல் அசைவை மட்டும் பதிவது

வேண்டாம். எந்த அசைவு மூச்சிழுக்கும்போது வந்தது என்று பிறகு தெரியாது. மூச்சைப் பதியும் பட்டியை மார்பில் கட்டுங்கள்.

ஆளுக்கொரு தலையணை

கழுத்து பின்னால் வளைந்தால் தொண்டை விரியும். அதனால் தலையணை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

வெற்றிலையை மறப்பது

வெற்றிலை மென்றுகொண்டு வருபவரை வாயைக் கொப்பளிக்கச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்து ஸ்கேன் செய்வது சரி, ஆனால் அது பாதி வேலைதான். பாக்கை வருடக்கணக்காக மென்றவர்களுக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு தடித்து, வாய் திறப்பதும் நாக்கு நீள்வதும் குறைந்துவிடும். கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவருக்கு 'தசை பலவீனம்' என்று பயிற்சியாளர் எழுதியிருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தால் கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலுக்குப் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது. இது புற்றுநோயாக மாறக்கூடியது. முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பினோம், குறட்டையை அப்புறம் பார்த்தோம்.