தோபா ஏரிக்கு அடியில் சரிந்து இறங்கும் தட்டு: நீங்களே வரைந்து பாருங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட வீட்டுச் சாமி விளக்கு காற்றே இல்லாமல் ஆடியது. பாட்டி சங்கிலியைப் பிடித்து நிறுத்தினார். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடித் தட்டு ஒன்று, அதாவது பூமியின் மேலோட்டில் ஒரு பெரும் பாறைத் துண்டு, தீவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அன்று விளக்கை ஆட்டிய பெரும் நிலநடுக்கம் அதன் வேலை. அந்தச் சரிவையும், எரிமலைகள் ஏன் அதற்கு நேர்மேலே வரிசையாக நிற்கின்றன என்பதையும் ஒரு கிராஃப் தாளில் பார்த்துவிடலாம்.

படி 1. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்கப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவு 4.5க்கு மேல், 2000 முதல் இன்று வரை, தெற்கே 1 பாகையிலிருந்து வடக்கே 4 வரை, கிழக்கே 96லிருந்து 100 வரை என்று தேடுங்கள். நிறைய வரும், மிரள வேண்டாம். சுமத்ராவின் வடக்கே பழைய எரிமலை வாயில் கிடக்கும் தோபா ஏரியிலிருந்து தென்மேற்கே, நியாஸ் தீவின் வழியாகக் கடலடி அகழி வரை (தட்டு கீழே இறங்கத் தொடங்கும் ஆழமான பள்ளம் அது) ஒரு கோடு போடுங்கள். அதன் இரு பக்கமும் 50 கிலோமீட்டருக்குள் விழுபவற்றில் அறுபது எழுபது போதும். ஆழமானவை குறைவாகத்தான் இருக்கும். அவற்றில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

படி 2. தாளின் இடது ஓரம் அகழி. அங்கிருந்து தோபா ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 1 சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி ஆழத்துக்கும் இதே அளவுதான். மாற்றினால் சரிவு பொய்யாகிவிடும்.

படி 3. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆழம் சரியாகத் தெரியாத நிலநடுக்கத்துக்குப் பட்டியலில் 10, 33, 35 என்று ஓர் எண்ணை நிலையாக வைத்துவிடுவார்கள். அவற்றையும் குறித்தால், புள்ளிகள் செம்பனை நட்டது போல நேர்வரிசையில் நிற்கும். அவற்றை நீக்கிவிடுங்கள்.

படி 4. மிச்சமுள்ள ஒவ்வொன்றையும், அகழியிலிருந்து அதன் தூரத்தையும் ஆழத்தையும் பார்த்து, ஒரு புள்ளியாகக் குறியுங்கள். இடமிருந்து வலமாகப் புள்ளிகள் இறங்கிக்கொண்டே போகும். அதுதான் தட்டு! ஜப்பானில் நிலநடுக்க ஆய்வாளர் கியோ வடாதி 1920களிலும் 30களிலும் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். இப்போது தோபாவைத் தாளின் மேல்விளிம்பில் ஒரு முக்கோணமாக வரைந்து, நேர்கீழே அடிக்கோலை வையுங்கள். புள்ளிகள் 100 கிலோமீட்டரையொட்டி, அல்லது சற்றுக் கீழே தட்டுப்படும். உலகில் தட்டு இறங்கும் பெரும்பாலான இடங்களில் எரிமலைகளுக்குக் கீழே கிட்டத்தட்ட இதே ஆழம்தான்.

ஏன் அந்த ஆழம்? கடலடிப் பாறை தன் கனிமங்களுக்குள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. ஆழம் கூடக்கூட அழுத்தமும் சூடும் அதைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அப்போது பாறை முறிவதும் எளிதாகிறது. நீங்கள் குறித்த ஆழப் புள்ளிகளில் பல அப்படி வந்தவை என்றே கருதப்படுகிறது. வெளியேறிய தண்ணீர் மேலே உள்ள சூடான மூடகப் பாறைக்குள் (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு) ஏறுகிறது. ஐஸ் கட்டியில் உப்பைத் தூவினால், சூடேற்றாமலே உருகுமே, அதுபோல அந்தப் பாறையின் உருகுநிலை குறைந்து கற்குழம்பு பிறக்கிறது. உருகுவது பெரும்பாலும் மேலே உள்ள பாறைதான், தட்டு இல்லை.

முக்கோணத்தை ஒட்டி ஆழமில்லாத புள்ளிகளும் இருக்கும். அவை பெரும்பாலும் எரிமலை வரிசையை ஒட்டியே ஓடும் சுமத்ராப் பிளவின், அதாவது நிலத்தின் பாறையில் உள்ள நீண்ட முறிவின், அசைவுகள். வேறு வண்ணத்தில் குறியுங்கள். அப்புறம், இந்தத் தாள் எரிமலை எங்கே நிற்கும் என்று சொல்லும், எப்போது வெடிக்கும் என்று சொல்லாது. அதை அறிய மலைக்கு நேரடியில் உண்டாகும் சிறு அதிர்வுகளையும் வாயுக்களையும் நிலம் உப்புவதையும் கண்காணிக்கிறார்கள்.

வரைந்து முடித்ததும், முடிந்தால் குவாலா கங்சார் தாண்டி லெங்கோங் வரை போய் வாருங்கள். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா கக்கிய சாம்பல் அங்கே கோத்தா தம்பானில் இன்னும் மண்ணுக்குள் படிந்து கிடக்கிறது.