சங்கு குளிக்கிறவரின் உடம்பில் ஒரு கருவி வைப்பது எப்படி: விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்கு

விஞ்ஞானக் கதை எழுதும்போது உடம்புக்குள் ஒரு கருவியை வைத்தவுடனேயே ஆளைச் சூரனாக்கிவிடுகிறோம். இரும்புக் கை சுவரை உடைக்கிறது, சரி, அந்தக் கை பூட்டியிருக்கிற தோள் எலும்பு எப்படித் தாங்கியது என்று கதையில் யாரும் கேட்பதில்லை. கதை திருகோணமலையில் நடக்கிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும், இங்கே வாசிக்கிறவர்களுக்குக் கடல் தெரியும். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரே ஒரு கருவியை முழுதாகச் செய்து பார்ப்போம். சங்கும் கடலட்டையும் குளிக்கிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செவுளை மறந்துவிடுங்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் கணக்கு இடம் கொடுக்காது. சும்மா இருக்கிற மனிதனுக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும், நீந்தி வேலை செய்தால் ஒரு லீற்றருக்கும் மேலே போகும். நம்முடைய சூடான கடலில் ஒரு லீற்றர் தண்ணீருக்குள் கரைந்திருப்பது 5 மில்லிலீற்றர் அளவுதான். ஒரு சொட்டு ஒட்சிசனைக்கூட விடாமல் பிரித்தெடுத்தாலும், நிமிடத்துக்கு ஒரு முழு டீசல் பரல் அளவு தண்ணீர் அவருடைய நெஞ்சுக்குள்ளால் போய்வர வேண்டும். அதற்கு எங்கே இடம்? மூச்சுக்குச் சிலிண்டரே இருக்கட்டும்.

அப்புறம், அவருக்கு உண்மையில் எது குறைகிறது என்று பாருங்கள். தண்ணீருக்கடியில் எஞ்சின் சத்தம் நன்றாகவே கேட்கும், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடாது. மேலே வருகிற நேரத்தில் தலைக்கு நேரே ஒரு படகு ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்குக் காரணம் சத்தத்தின் வேகம். காற்றில் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர், தண்ணீரில் 1500. இடப்பக்கமிருந்து வரும் சத்தம் வலக்காதை அடையக் காற்றில் 0.6 மில்லிசெக்கன் பிந்தும், மூளை அந்தப் பிந்தலை வைத்துத்தான் திசையைச் சொல்கிறது. தண்ணீரில் அது 0.13 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. போதாததற்குச் சத்தம் மண்டை எலும்பு வழியாக இரண்டு காதுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. பாருங்கள், உடம்பே உங்களுக்குக் கதையைக் கொடுத்துவிட்டது.

சத்தத்தைக் காதுக்கே திருப்பிக் கொடுக்கலாமா? கோக்ளியர் இம்பிளான்ட் நம் ஊரிலும் பலர் கேள்விப்பட்டதுதான், இருபது சொச்சம் மின்முனைகள் செவி நரம்பை நேராகத் தூண்டும். ஆனால் அதை உட்காதுக்குள் நுழைக்கும்போது இருக்கிற இயற்கையான செவிப்புலனும் கெட்டுப்போகலாம். நன்றாகக் கேட்கிற ஒருவர் அதற்கு ஏன் சம்மதிக்கப்போகிறார்?

நான் தோலைத்தான் தேர்ந்தெடுப்பேன். பார்வையில்லாதவர்களை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கமெரா பார்ப்பதை முதுகில் அதிர்வாகக் கொடுத்து, பொருட்களை அடையாளம் காண வைத்தார் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி. 1969இல் வெளிவந்த ஆய்வு அது. பழகிவிட்டால் மூளை எந்த வாசலையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இரண்டு காதுக்கும் பின்னால் தோலுக்கடியில் நீரொலி வாங்கும் சிறு ஒலிவாங்கிகளை வையுங்கள், மூளைக்குப் பிடிபடாத அந்தச் சிறு பிந்தலைக் கருவி அளந்துகொள்ளட்டும். கழுத்தைச் சுற்றி அரிசிமணி அளவில் அதிர்விகளை வரிசையாக வையுங்கள். படகு இடப்பக்கம் வந்தால் இடக்கழுத்து துடிக்கட்டும், நெருங்க நெருங்கத் துடிப்பு வேகமாகட்டும்.

இனிச் சில்லறை வேலை. பட்டரியும் மின்சுற்றும் இருக்கிற பெட்டி டைட்டேனியமாக இருக்கட்டும், எலும்போடும் சதையோடும் அது ஒத்துப்போவது பல காலமாகத் தெரிந்ததே. உள்ளே வெற்றிடம் விடாதீர்கள், 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. பட்டரியை இரவில் தோலுக்கு மேலே சுருள் வைத்துச் சார்ஜ் பண்ணலாம். சூடுதான் பெரிய தலையிடி, பக்கத்துச் சதை இரண்டு பாகைக்கு மேல் சூடேறக் கூடாது. தண்ணீருக்குள் கடலே ஆற்றிவிடும், கரையில் அந்த வசதி இல்லை, ஆகவே தண்ணீர் பட்டால்தான் கருவி விழிக்க வேண்டும்.

அடுத்தது கருவி எங்கே தோற்கிறது என்பது, கதை ஓடுவதே இந்த இடத்தில்தான். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழே குளித்தால் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பும், ஒரே படகு இரண்டு பக்கத்திலும் துடிக்கும். இன்னொன்று டைனமைட். எவ்வளவு தடுத்தாலும் இந்தக் கரையில் வெடி போட்டு மீன் பிடிப்பது முழுதாக ஒழியவில்லை. தூரத்து வெடி ஒன்று கழுத்து முழுவதையும் ஒரேயடியாக அடித்தால் ஆள் திடுக்கிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். ஆகவே ஒரு அளவுக்கு மேல் சத்தத்தைக் கருவி வெட்டிவிட வேண்டும். அல்லது, வெட்ட மறந்த மலிவான கருவியை அவருக்கு யாரோ விற்றிருக்க வேண்டும்.

பழுது பார்ப்பது யார் என்பதையும் எழுதுங்கள். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியைச் செய்த நிறுவனம் சில வருடங்களில் அதைக் கைவிட்டது, கருவி கண்ணுக்குள்ளேயே இருக்க ஆட்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நம் ஆளுக்குக் கருவிக்காக வாங்கிய கடனும் இருக்கும்.

கடைசியாகப் பெட்டியின் இடம். இதயத்துடிப்புக் கருவிபோல காறை எலும்புக்குக் கீழே என்று எழுதத்தான் கை போகும். ஆனால் சிலிண்டர் வார் சரியாக அதன் மேலேதான் அழுத்தும், உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு நாளும் உரசி உரசித் தோல் புண்ணாகும். இடுப்பில் ஈயப் பட்டி இருக்கிறது, அங்கேயும் முடியாது. அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கமாக வையுங்கள்.