கீழடி பிராஜெக்டை வைத்து மேற்கோள் காட்டப் பழகுவோம்

"அக்கா, ரிப்போர்ட் முடிஞ்சிருச்சு. ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி."

வருடா வருடம் மார்ச் மாதக் கடைசியில் சித்தி மகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த "மட்டும்தான்" காதில் விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். முதுகலை ஆய்வேட்டில் அழகான ஒரு வரியை மேற்கோளாகப் போட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது எந்தப் பதிப்பும்மா? என்கிட்ட இருக்கிற புத்தகத்துல அந்தப் பக்கத்துல வேற விஷயம்ல இருக்கு" என்றார். நூலகத்தில் எடுத்த புத்தகம் அது. திருப்பிக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பதிப்பு ஆண்டை நான் குறித்து வைக்கவே இல்லை. அசடு வழிய நின்றேன்.

அந்த நிலைமை உங்களுக்கு வர வேண்டாம். ஒரே ஒரு பிராஜெக்டை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து போவோம். தலைப்பு: "கீழடியும் சங்ககால நகர வாழ்க்கையும்". இளங்கலை மூன்றாம் ஆண்டு, நாற்பது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த முறை என்று முதலில் கேளுங்கள்

மேற்கோள் காட்டப் பல முறைகள் உண்டு. சமூக அறிவியல், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏபிஏ. அமெரிக்க உளவியல் கழகம் (சுருக்கமாக ஏபிஏ) 1929-இல் அதை ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. இப்போது ஏழாம் பதிப்பு நடப்பில் இருக்கிறது. இலக்கியத் துறைகளில் எம்எல்ஏ (நம் ஊர் எம்எல்ஏ இல்லை, பயப்படாதீர்கள்). வரலாற்றில் அடிக்குறிப்போடு வரும் சிகாகோ முறை. பொறியியலில் சதுர அடைப்புக்குள் எண் போடும் ஐஇஇஇ முறை. தமிழ்த் துறைகளில் பலரும் இன்னும் "மேலது, ப. 32" (மேலே சொன்ன அதே நூல், பக்கம் 32) என்று அடிக்குறிப்புப் போடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கைடு எதைச் சொல்கிறாரோ அதுதான் சிறந்தது. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதிலேயே இருங்கள். இங்கே நான் ஏபிஏ-வை வைத்துச் சொல்கிறேன்.

படி 2: புத்தகத்தைத் திறந்ததும் முதல் வேலை

எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினை இந்த இடத்தில்தான். படித்து முடித்து, எழுதி முடித்து, அப்புறம் மூலத்தைத் தேடுவது ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி.

ஒரு நோட்டோ எக்செல் தாளோ போதும். புத்தகம் கைக்கு வந்ததும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு என எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். அட்டையை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அட்டையில் ஆண்டு இருக்காது. "முதற்பதிப்பு", "மறு அச்சு" என்று இரண்டு மூன்று ஆண்டுகள் போட்டிருந்தால், உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்போ அதன் ஆண்டை எடுங்கள். வெறும் மறு அச்சு என்றால் பக்கம் மாறாது. புதிய பதிப்பு என்றால் மாறும். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்திலேயே பக்க எண். நூலாசிரியரின் வரியை அப்படியே எடுத்தால் எடுக்கும்போதே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கையில், எது அவர் வரி, எது நம் வரி என்று நமக்கே தெரியாது. நல்ல பிள்ளைகள் பலர் கருத்துத் திருட்டில் மாட்டுவது இப்படித்தான். திருட நினைத்து இல்லை.

படி 3: எதற்கு மேற்கோள் வேண்டும், எதற்கு வேண்டாம்

"மதுரை வைகைக் கரையில் இருக்கிறது" என்பதற்கு யாரையும் சுட்ட வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்தது. எண், காலக் கணிப்பு, ஒருவரின் கருத்து, ஒருவர் உருவாக்கிய அட்டவணை, படம், வாதம் இவை எல்லாவற்றுக்கும் வேண்டும். உங்கள் சொற்களில் மாற்றி எழுதினாலும் வேண்டும். "நான்தான் வார்த்தையை மாத்திட்டேனே" என்பது செல்லாது. வார்த்தை உங்களுடையதாக இருக்கலாம், கண்டுபிடிப்பு அவருடையது.

சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாகச் சுட்டியதற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

படி 4: எண் எங்கிருந்து வந்தது என்று துரத்துங்கள்

இனிக் கீழடிக்கு வருவோம். நூறு பிராஜெக்டில் தொண்ணூறு இப்படித் தொடங்கும்: "கீழடி நாகரிகம் 2600 ஆண்டுகள் பழமையானது." அடைப்புக்குள் ஒரு செய்தி இணையதளத்தின் பெயர். அல்லது அதுவும் இல்லை.

அந்த 2600 எங்கிருந்து வந்தது? செய்தியைத் திறந்தால் "தொல்லியல் துறை அறிக்கையின்படி" என்று இருக்கும். அங்கேதான் போக வேண்டும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை அது. அகழாய்வில் கிடைத்த கரிம மாதிரிகளை அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்று வந்தது. 580-ஐயும் 2019-ஐயும் கூட்டுங்கள்: 2599. அதைத்தான் முழு எண்ணாக்கி 2600 என்கிறார்கள்.

மூலத்துக்குப் போனதும் உங்கள் வாக்கியமே எப்படி மாறுகிறது பாருங்கள்.

முதலில் இருந்தது: கீழடி நாகரிகம் 2600 ஆண்டுகள் பழமையானது.

இப்போது: கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி பொ.ஆ.மு. 580-ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது (தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, 2019).

முதல் வாக்கியம் ஊருக்கே சொல்கிறது. ஆதாரம் கேட்டால் முழிக்கும். இரண்டாவது எந்த ஆழம், எந்தக் காலம், யார் சொன்னது என்று மூன்றையும் கையில் வைத்திருக்கிறது. "நாகரிகம்" என்ற பெரிய சொல் போய் "மாதிரி" என்ற சின்னச் சொல் வந்துவிட்டதையும் கவனியுங்கள். வாய்மொழித் தேர்வில் இது உங்களைக் காப்பாற்றும்.

சில நேரம் மூலம் கிடைக்கவே கிடைக்காது. பழைய நூல், எந்த நூலகத்திலும் இல்லை, வேறொருவர் அதிலிருந்து எடுத்துக் காட்டியதை மட்டும்தான் பார்த்தீர்கள். அப்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "இன்னார் கூறியதாக இன்னார் எடுத்துக்காட்டுகிறார்" என்று எழுதி, துணைநூற்பட்டியலில் நீங்கள் கண்ணால் பார்த்த நூலை மட்டும் போடுங்கள். பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பது, போகாத ஊருக்கு வழி சொல்வது.

விக்கிப்பீடியாவைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். படியுங்கள். அப்புறம் கீழே இருக்கும் அடிக்குறிப்புகள் வழியாக மூலத்துக்குப் போங்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. மூன்றும் இலவசம்.

படி 5: உரைக்குள் சுட்டுவது

ஏபிஏ-வில் அடைப்புக்குள் மூன்று விஷயம்: பெயர், ஆண்டு, நேர் மேற்கோளானால் பக்கம். மு. வரதராசனின் தமிழ் இலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு வரி எடுத்தால் (வரதராசன், 1972, ப. …). பக்க எண்ணை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். உங்கள் கையில் உள்ள பதிப்பைத் திறந்து நீங்களே நிரப்ப வேண்டும். பெயரை வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் "வரதராசன் (1972) கருதுவதுபோல…" என்று ஆண்டு மட்டும் அடைப்புக்குள் போகும்.

இரண்டு ஆசிரியர் என்றால் இருவர் பெயரும். மூவரோ அதற்கு மேலோ என்றால் முதல் பெயரோடு "மற்றும் பிறர்". நாற்பது சொல்லோ அதற்கு மேலோ போகும் மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும், மேற்கோள் குறி வேண்டாம். தமிழில் நாற்பது சொல் என்பது ஆங்கிலத்து நாற்பதைவிட நீளம் என்பதால் நான் நாலு வரி தாண்டினாலே உள்தள்ளிவிடுவேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

சங்க இலக்கியத்துக்குப் பக்க எண் எதற்கு? பாடல் எண்ணும் அடி எண்ணும் போதும். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" (புறம். 192:1) என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் நேரே அங்கே போய்விடுவார். குறளுக்குக் குறள் எண். பயன்படுத்திய பதிப்பை மட்டும் பட்டியலில் சொல்லிவிடுங்கள்.

படி 6: துணைநூற்பட்டியல்

நூலுக்கான அச்சு இது: ஆசிரியர் பெயர், தலைப்பெழுத்து. (ஆண்டு). தலைப்பு. பதிப்பகம்.

அதில் ஊற்றினால்:

வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

பழைய வழிகாட்டிகளில் பதிப்பகத்தோடு ஊர்ப் பெயரும் இருக்கும். ஏழாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். கீழடி அறிக்கைக்குத் தனி ஆசிரியர் பெயர் போடாமல் துறையையே ஆசிரியராக வைத்தால்:

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. (2019). கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்.

பதிப்பகம் எங்கே என்று தேடாதீர்கள். ஆசிரியரும் வெளியிட்டவரும் ஒருவரே என்றால் இரண்டாவது முறை எழுத வேண்டியதில்லை. இதழ்க் கட்டுரைக்குக் கட்டுரைத் தலைப்பு, இதழ்ப் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் அதுவும். செய்தித்தாளுக்கு முழுத் தேதி. இணையப் பக்கத்துக்கு முழு முகவரி. தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நம் பெயர்களில் இரண்டு சிக்கல் உண்டு. ஏபிஏ கேட்கும் குடும்பப் பெயர் நம்மில் பலருக்குக் கிடையாது. கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் கார்த்திகேசு அப்பா பெயர். ஆகவே சிவத்தம்பி, கா. அவரவர் சொந்தப் பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முனைவர், பேராசிரியர், டாக்டர் எல்லாம் பட்டியலில் வேண்டாம். புனைபெயரை உடைக்கக் கூடாது: புதுமைப்பித்தன் புதுமைப்பித்தன்தான். அட்டையில் அந்தப் பெயர் இருக்கும்போது விருத்தாசலம், சொ. என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

அடுத்தது அகரவரிசை. கணினியில் "வரிசைப்படுத்து" என்று சொடுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். தமிழ் யுனிகோடில் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. நம் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. யுனிகோடில் ற, ள-வுக்கு முன்னால் வந்துவிடும். யுனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் "இறையரசன்" பெயரை "இளவழகன்" பெயருக்கு மேலே ஏற்றிவிடும். ஜ-வில் தொடங்கும் பெயர்கள் ச-வுக்கு அடுத்துப் போய் உட்காரும்; நம் வழக்கப்படி கிரந்த எழுத்துகள் கடைசியில் வர வேண்டும். அடுக்கிய பிறகு ஒரு தடவை கண்ணால் பாருங்கள். ஆங்கில நூல்களை ஆங்கில எழுத்திலேயே, தமிழ் நூல்களுக்குப் பின் தனியாக அடுக்குவது நம் துறைகளில் வழக்கம்.

தலைப்பைச் சாய்வெழுத்தில் போடச் சொல்கிறது ஏபிஏ. தமிழ் எழுத்துருவைச் சாய்த்தால் காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கைடு ஒத்துக்கொண்டால் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி ஓரத்தில் நிற்க, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். வேர்டில் பட்டியலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் டி-யும் (T) சேர்த்து அழுத்தினால் முடிந்தது.

படி 7: மென்பொருளை எவ்வளவு நம்பலாம்

நாலைந்து நூல் என்றால் கையாலேயே எழுதுங்கள், அப்போதுதான் பழகும். முப்பதைத் தாண்டினால், மூலங்களைச் சேர்த்து வைத்துப் பட்டியல் போட்டுத் தரும் சோட்டெரோ மென்பொருள். இலவசம். வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் "முருகன் ச" என்று இருக்கும் பெயரை ஒட்டினால் "ச" என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு முருகனை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். ஆசிரியர் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. துறைப் பெயர், புனைபெயர் எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

சாட்ஜிபிடியிடம் "பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், புத்தகம்தான் இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படி வந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இன்னொரு விஷயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மூலம் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது.

கடைசிப் படி: பென்சிலோடு உட்காருங்கள்

சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் ரிப்போர்ட்டை அச்செடுத்து, உரைக்குள் வரும் ஒவ்வொரு அடைப்பையும் வட்டமிடுங்கள். வட்டமிட்டது பட்டியலில் இருந்தால் பட்டியலில் ஒரு டிக். உரையில் இருந்து பட்டியலில் இல்லாததைச் சேருங்கள். டிக் விழாமல் பட்டியலில் நிற்பதை, அது எவ்வளவு பெரிய ஆளின் புத்தகமாக இருந்தாலும், அடித்துவிடுங்கள். ஆண்டும் பெயர் எழுத்துக்கூட்டலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று பாருங்கள். "சாமிநாதையர்" ஓரிடத்தில், "சுவாமிநாதய்யர்" இன்னோரிடத்தில் என்று இருக்கும். நாற்பது பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். முடித்துவிட்டு பைண்டிங் கடைக்குக் கிளம்புங்கள்.