கறுவா எண்ணெய் வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பு 7ஐ இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவா வளர்ந்த மண் அது. அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, கடைக்குப் போய் "கறுவா எண்ணெய் தாங்க" என்று மட்டும் கேட்பதுதான் நாம் விடும் முதல் பிழை.

கறுவா மரம் தருவது ஒரே எண்ணெய் அல்ல. பட்டையை வடித்தால் வரும் எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைட். வட்டிலப்பத்தில் நாம் அறிந்த கறுவா வாசம் அதுதான். இலையை வடித்தால் முக்கால் பங்களவு யூஜினோல். கராம்பின் வாசமும் அதே யூஜினோல்தான். வேர்ப்பட்டையிலோ கற்பூரம் மேலோங்கி நிற்கும்.

இது தெரியாமல் எங்கள் அம்மா ஒருமுறை புறக்கோட்டையில் வாங்கிய போத்தலைத் திறந்து மூக்கருகே வைத்துவிட்டு, "கராம்பெண்ணெயைக் கலந்து ஏமாத்திட்டான்" என்று கோபப்பட்டார். வீடு முழுக்கப் பல் வைத்தியரின் அறை மாதிரி மணந்தது. உண்மையில் அது இலை எண்ணெய். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் "நானா, இது இலையா, பட்டையா?" என்று கேட்டுத்தான் காசை எடுப்பேன். பட்டை எண்ணெய் பல மடங்கு விலை. இலை எண்ணெயின் விலைக்கு "சுத்தப் பட்டை எண்ணெய்" என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். ஆனால் போன முறை வாங்கியதைவிட வாசம் கொஞ்சம் மாறியதற்காகக் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். மரத்தின் வயது, மண், பருவம், வடித்த நேரம் எல்லாமே எண்ணெயை மாற்றும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தோலில் அப்படியே பூசுவது. சின்னமால்டிஹைட் தோலை எரித்துச் சிவக்க வைக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். பட்டை எண்ணெயைத் தோலுக்குப் பாவிக்கவே வேண்டாம். பல்வலிக்கு என்று ஈறில் விடுவதும் வேண்டாம்.

அப்புறம், கறுவாத் தூள். நம் கறுவாக் குச்சிக்குள் மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும்; கறுவா என்றே விற்கப்படும் அதன் உறவு மரமான கேசியாவில் தடித்த பட்டை ஒன்றுதான். கேசியாவில் கூமரின் என்ற இயற்கை வாசப் பொருள் அதிகம், அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது. நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். தூளாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. குச்சியாக வாங்கி வீட்டில் அரையுங்கள்.

எண்ணெயை பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், அது பிளாஸ்டிக்கை இளக்கும். காற்றுப் பட்டால் சின்னமால்டிஹைட் மெல்லமெல்ல சின்னமிக் அமிலமாக மாறி வாசம் மங்கும். அதனால் கடும் நிறக் கண்ணாடிப் போத்தல், கழுத்துவரை எண்ணெய், இறுக்கிய மூடி. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் மட்டும் வேண்டாம்.