படம் ஏன் கிளியராக இல்லை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

படம் மங்கலாக வந்தால் புதிதாகக் கேமரா எடுத்தவர்களின் கை நேராக எடிட்டிங் ஆப்பில் உள்ள ஷார்ப்னஸுக்குத்தான் போகிறது. ஃபோகஸ் தவறியது, கேமரா ஆடியது, ஆள் அசைந்தது, கான்ட்ராஸ்ட் குறைந்தது, பிக்சல் போதாதது என்று மங்கலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. சிலவற்றுக்குப் பரிகாரமே கிடையாது. லென்ஸில் விரல் ரேகை படிந்திருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

## காரணம் தெரியாமல் கை வைப்பது

படத்தை 100 சதவீத அளவில் திறந்து சின்ன ஒளிப்புள்ளி ஒன்றைத் தேடுங்கள். கண்மணியில் மின்னும் விளக்கு, மூக்குத்திக் கல், தூரத்து பல்பு, எதுவானாலும் சரி. புள்ளி வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக விழுந்திருக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். புள்ளி கூர்மையாகவே இருந்து, படம் மட்டும் வெளிறி பனி மூடினாற்போல் தெரிந்தால் எதிர்வெளிச்சம் கான்ட்ராஸ்டைக் கெடுத்திருக்கிறது. இந்தக் கடைசி வகையைத்தான் எடிட்டிங்கில் எளிதாகத் தேற்ற முடியும்.

## ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைப்பது

மண்டபத்து வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) 400ஐத் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக ஷட்டரை 1/30 நொடி திறந்து வைத்து எடுப்பார்கள். தாலி கட்டும் கை இழுபட்டுவிடும். ஸ்டெபிலைசேஷன் எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், மாப்பிள்ளையின் கையை அல்ல. நிற்பவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 வையுங்கள். அதற்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்டால் தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் வரும் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) பிரிண்டில் பெரும்பாலும் அடங்கிவிடும். இழுபட்ட கை அடங்காது.

## எஃப்/1.8 மோகம்

எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8ல் வைத்து ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3.2 செ.மீ. கண் விழுந்தால் காது விழாது. ஒருவர் என்றால் ஃபோகஸ் புள்ளியை அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். இருவருக்கு எஃப்/4, இரண்டு வரிசைக்கு எஃப்/8.

## எஃப்/22ல் எல்லாமே கூர்மையாக வரும் என்று நம்புவது

வராது. சின்னத் துளை வழியே ஒளி சிதறி, படம் முழுவதையும் லேசாக மழுக்கிவிடும். 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று பெயர் வைத்தார்கள் என்றால், அவர்கள் கையில் இருந்தவை 8×10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராக்கள். அதைப் பெரிதாக்காமல் அப்படியே பிரிண்ட் போடலாம் என்பதால் மழுங்கல் கண்ணுக்குத் தெரியாது. ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப்/11ஐத் தாண்டாதீர்கள்.

## சுருங்கிய நகலைப் பெரிதாக்கக் கொடுப்பது

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால் அன்றே படம் வேண்டும். போன வருடக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, 12×18 அங்குலத்தில் லேமினேஷன் போட்டுத் தரச் சொல்வார்கள். கையில் இருப்பதோ வாட்ஸ்அப்பில் நாலு குரூப் சுற்றி வந்த நகல்; பல சமயம் அதன் ஸ்கிரீன்ஷாட். அசல், எடுத்தவரின் போனிலேயே பத்திரமாக இருக்கும். குடும்பத்தார் துக்கத்தில் இருக்கிறார்கள், கேட்கத் தோன்றாது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த எடிட்டர் கேட்டிருக்க வேண்டும். அவரும் கேட்பதில்லை என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

கணக்கைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000. வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்குகிறது. அசலில் 300 பிக்சல் அகலமிருந்த முகம் 120 ஆகிவிடும். பிரிண்டில் அந்த முகம் 5 அங்குல அகலம் வந்தால், அசலில் அங்குலத்துக்கு 60 பிக்சல், நகலில் 24. சுவரில் மாட்டி 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்க அங்குலத்துக்கு 45 பிக்சல் அளவுக்காவது வேண்டும். அசல் தேறும், நகல் தேறாது. போதாததற்கு, போன் படங்கள் சேமிக்கப்படும் ஜேபெக் (JPEG) முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஷார்ப்னஸ் ஏற்றினால் முகத்துக்கு முன்பாக அந்தக் கட்டங்கள்தான் எழுந்து நிற்கும்.

பிறகு ஏஐ ஆப்பில் போடுகிறார்கள். 120 பிக்சலில் இல்லாத இமையையும் பல்லையும் அது தானாக வரைந்து வைக்கும். கன்னத்து மச்சம் காணாமல் போகும், லேசாகச் சரிந்த இமை நேராகிவிடும். தெரியாதவர்கள் ‘சூப்பர்’ என்பார்கள். மகள் பார்த்துவிட்டு ‘இது எங்க அப்பா மாதிரியே இல்லையே’ என்பாள். அந்தப் படத்துக்குத்தான் அந்த வீட்டில் வருஷா வருஷம் மாலை போடப் போகிறார்கள்.

‘இந்தப் படத்தை எடுத்தது யார்?’ என்பதுதான் எடிட்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எடுத்தவரிடமிருந்து அசலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. பழைய பிரிண்ட் இருந்தால் போனில் படம் பிடிக்காமல் ஃபிரேமிலிருந்து கழற்றி 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 35×45 மி.மீ. பாஸ்போர்ட் படமென்றால் 1200 டிபிஐ வையுங்கள், சுமார் 1650×2125 பிக்சல் கிடைக்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வையுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. நகலைத் தவிர எதுவுமே இல்லையென்றால் 6×9க்கு இறங்குங்கள். முகம் இரண்டரை அங்குலமாகும். அதே 120 பிக்சல் அங்குலத்துக்கு 48 ஆகி ஓரளவு நிற்கும்.

## 72 டிபிஐயை 300 என்று மாற்றுவது

எண்தான் மாறும், படத்திலுள்ள பிக்சல் கூடாது.

## முகத்துக்கு கிளாரிட்டி

எடிட்டிங் ஆப்பில் உள்ள கிளாரிட்டி ஸ்லைடரை முகத்தில் ஏற்ற வேண்டாம்.

## 200 மெகாபிக்சல் போன்

சாதாரண மோடில் 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். முழு அளவு வேண்டுமென்றால் மோடை மாற்றி, நல்ல வெயிலில் எடுங்கள்.

## ஷார்ப்னஸை முதலிலேயே ஏற்றுவது

ஷார்ப்னஸ் விவரத்தைக் கூட்டாது. ஓரங்களில் கருமையையும் வெண்மையையும் சற்றுத் தள்ளி வைத்து, கூர்மையாக இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும். ஆகவே நிறம் திருத்தி, கிராப் செய்து, பிரிண்ட் அளவுக்கு மாற்றிய பிறகு கடைசியாகப் போடுங்கள். முதலில் போட்டுவிட்டுப் பெரிதாக்கினால் தலைமுடியைச் சுற்றி வெள்ளை விளிம்பும் சேர்ந்து பெரிதாகும். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளின் ஷார்ப்னஸ் பகுதியில் ரேடியஸ் 1.0ல் இருக்கட்டும், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்தினால் வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டும்தான் ஷார்ப்னஸ் ஏறும். கன்னமும் நெற்றியும் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள். 12×18 ஆர்டர் போடும் முன், கண் பகுதியை மட்டும் அதே அளவில் வெட்டி 4×6 தாளில் ஒரு சோதனை பிரிண்ட் எடுங்கள். மேட் (பளபளப்பில்லாத) தாள் என்றால் திரையில் ஒரு பொட்டு அதிகமாகத் தெரிவது தாளில் சரியாக இருக்கும்.