ஓய்வுக்குப் பிறகு தாம்பத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தும்போதே, “இனி கோயில் குளம் என்று நிம்மதியாக இருங்கள்” என்று ஒருவர் வாழ்த்திவிடுவார். அதையே சட்டமாக எடுத்துக்கொண்டு, பேரனை நடுவில் படுக்கவைத்துக்கொள்ளும் தம்பதிகள் ஏராளம். ஆசை தீர்ந்தா போயிற்று? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம்தான்.

உடம்பு சொல்லும் எதற்கும் “வயதாகிவிட்டது” என்று பெயர் வைப்பது பெரிய தவறு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பெண்ணுறுப்பின் உட்புறம் மெலிந்து வறண்டுபோகும். உறவின்போது எரியும், வலிக்கும். மனைவி வாய்திறக்காமல் விலகிப் படுப்பார். கணவரோ அதை வெறுப்பென்று எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மருந்துக்கடையில் கிடைக்கும் வழவழப்பு ஜெல்லோ, மகளிர் மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ பல பேருக்குப் போதும்.

ஆண்களுக்கு விறைப்புக் குறைந்தால் சுவரொட்டி வைத்தியரைத் தேடி லாட்ஜுக்குப் போகிறார்கள். போக வேண்டியது மருத்துவரிடம். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் இதயத்துக்கு வரும் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். சர்க்கரையும் காரணமாகலாம், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் காரணமாகலாம். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உயிருக்கே உலைவைப்பது ஒன்று உண்டு: நடைப்பயிற்சி நண்பர் கொடுத்தார் என்று, விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை விழுங்குவது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சட்டைப்பையில் இருப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று சரியும். சில்டெனாஃபிலைப் போட்டுவிட்டு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மகன் பக்கத்தில் நிற்கிறானே என்று மறைக்காதீர்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு இனி எதுவுமே ஆகாது என்பதும் தவறு. இரண்டு மாடி ஏறியும் மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லையென்றால், பெரும்பாலும் தடையில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை ஆண்கள் மறந்துவிடுகிறார்கள்: ஓய்வு கிடைத்தது கணவருக்கு மட்டும்தான். பகலில் மூன்றுமுறை காபி கேட்டு, சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவருக்கு, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வரும் மனைவியிடம் என்ன கிடைக்கும்? அந்தப் பாத்திரத்தில் பாதியைக் கழுவிக்கொடுங்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது பிடுங்கிப் போட்ட படுக்கையறைத் தாழ்ப்பாளையும் திரும்பப் பொருத்துங்கள்.